செவிமலையில் இரண்டாவது ஆள்

யூனா டல்கார்னோவின் புத்தகம் தபாலில் வந்த அன்று இஷ்பெல் கட்டனாக் கடையை அரை நாள் மூடினாள். ஸ்காட்லாந்தின் மலையோரச் சிற்றூரான பால்னாரியில் மூக்குக்கண்ணாடிக் கடை அது ஒன்றுதான். கண் சோதிக்க வந்திருந்த இரண்டு பேரை மறுநாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கதவில் பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு, பின்னறையில் டீயும் கையுமாக உட்கார்ந்தாள். பெற்றவள்கூட அத்தனை ஆசையாகத் துணியை விலக்கிப் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள்.

புத்தகத்தின் பெயர் 'செவிமலை'. அட்டையில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மலையுச்சியில் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் மேகம். வேறு ஒன்றும் இல்லை. அந்தப் படத்தை எடுத்தது இஷ்பெல்தான். குளிரில் விரல் விறைத்து, கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, "கொஞ்சம் இடது பக்கம் நகருடி, என் பை தெரியுது" என்று காற்றில் கத்தி எடுத்த படம். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டேதான் முதல் பக்கத்தைத் திருப்பினாள், பாவம்.

மலைப் புத்தகப் பைத்தியம் முதலில் பிடித்தது அவளைத்தான். கடை கல்லாவுக்கு அடியில் எப்போதும் ஒன்று இருக்கும். அந்த மாதிரிப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஒருத்தர் மலையேறுவார், மழையில் நனைவார், பாறை மறைவில் ஒண்டிக்கொண்டு ஒரு துண்டு பாலாடைக்கட்டி தின்பார், இறங்கி வருவார். கொலை கிடையாது, கல்யாணம் கிடையாது. ஆனாலும் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு போர்வைக்குள் சுருண்டிருக்கிறவருக்கு முகத்தில் காற்று அடிக்கும். யாரும் நம்மிடம் ஒன்றும் கேட்காத ஓர் இடத்தில் நாமே நிற்பதுபோல் இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதே பிழைப்பாகக் கொண்டவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

யூனா அப்போது பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. கண்ணாடி வாங்க வந்தவள் கல்லாவுக்கு அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதுல என்னங்க இருக்கு, கல்லும் மழையும்தானே" என்றாள். இஷ்பெல் வாதாடவில்லை. புத்தகத்தைக் கண்ணாடிப் பெட்டியோடு சேர்த்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரம் யூனா வந்து இன்னொரு புத்தகம் கேட்டாள். அதற்கடுத்த வாரம், பூட்ஸ் எங்கே வாங்குவது என்று கேட்டாள். அப்புறம் எத்தனையோ வருஷம், சனிக்கிழமை என்றால் இருவரும் மலையில்தான்.

யூனாவுக்கு வார்த்தை வரும், வழி வராது. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆறு ஏன் மேட்டை நோக்கி ஓடுகிறது என்று கேட்கிறவள். செங்குத்தான இடம் வந்தால் கால் நடுங்கி உட்கார்ந்துவிடுவாள். இஷ்பெல் ஓர் அடி கீழே நின்று, அவள் பூட்ஸைக் கையால் பிடித்து ஒவ்வொரு பிடிப்பிலும் வைத்துவிடுவாள். மேலே போய்ச் சேர்ந்தபின் யூனா சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு வாக்கியம் சொல்வாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளை முதுகில் சுமந்துகொண்டுகூட ஏறலாம் என்று இஷ்பெல்லுக்குத் தோன்றும்.

செவிமலை விஷயத்துக்கு வருவோம். பால்னாரிக்காரர்களுக்கு ஒரு வேடிக்கையான தலைவிதி உண்டு. சுற்றியிருக்கிற மலைகளின் பெயரெல்லாம் கேலிக் என்னும் பழைய மொழியில் இருக்கிறது. அந்த மொழியோ ஊரைவிட்டுப் போய் மூன்று தலைமுறை ஆகிறது. வாசலில் நிற்கும் மலைக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்ட வேண்டும். பெயருக்கு அர்த்தம் தெரியாமல் எந்த மலையிலும் கால் வைப்பதில்லை என்பது இஷ்பெல்லின் பிடிவாதம். வரைபடத்தில் 'மியால் ந குளுவன்யா' என்று பொடி எழுத்தில் இருந்ததை ஒருநாள் அகராதியில் தேடினாள். குளுவன் என்றால் மேய்ச்சல் நிலம். அதற்கு இரண்டு வரி கீழே குளுவஸ். அதற்கு அர்த்தம் காது. ஊருக்கெல்லாம் பொடி எழுத்துப் படிக்க வழி செய்கிறவள், விரலை இரண்டு வரி கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் மழையில் நனைந்தபடி உச்சியில் நின்று, "இது காது மலைடி, நாம பேசுறதைக் கேட்டுக்கிட்டிருக்கு" என்றாள். யூனாவின் முகம் மாறியது. உச்சியில் இருந்த கற்குவியலில் ஓர் இடுக்கைப் பார்த்து வாயை வைத்து ஏதோ சொன்னாள். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை அந்தக் கற்களிடம் சொல்வது. ஒருத்தி சொல்லும்போது மற்றவள் பக்கத்திலேயே நிற்பாள். காது கேட்காத தூரம் என்று அந்த உச்சியில் எதுவும் கிடையாது. ஆனால் இறங்கியபின் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

தன் தவற்றை இஷ்பெல் தானாகவேதான் கண்டுபிடித்தாள், சில வருஷம் கழித்து. இறங்கி வரும் வழியில் அதைச் சொன்னபோது யூனா சிரித்த சிரிப்பில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். "மாடு மேயுற மேட்டுக்கா இத்தனை நாளா ரகசியம் சொன்னோம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை யாருக்கும் சொல்லாதே, நமக்கு அது காதுதான்" என்றாள். இஷ்பெல்லும் சரி என்றாள்.

இப்போது பின்னறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. முதல் அத்தியாயம், 'நான் தனியாகப் புறப்பட்டேன்' என்று தொடங்கியது. இருக்கட்டும், எனக்குத் தெரியாமல் ஒருநாள் போயிருப்பாள் என்று நினைத்தாள். இரண்டாவதிலும் யூனா தனியாகத்தான் போனாள். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி வழி தெரியாமல் போன அன்று, பனியைக் குடைந்து இருவரும் உள்ளே கிடந்ததும், உணர்வற்றுப்போன யூனாவின் வெறுங்காலை இஷ்பெல் தன் சட்டையைத் தூக்கி வயிற்றில் வைத்து விடியும்வரை வைத்திருந்ததும் அவளுக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. இரண்டு ஐஸ் கட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்த மாதிரி. புத்தகத்தில் யூனா ஒற்றையாளாகக் குழி தோண்டினாள். 'மலை என் கால்களைத் தன் மடியில் வாங்கிக்கொண்டது. அதன் கதகதப்பில் நான் பிழைத்தேன்' என்று எழுதியிருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைக் கேட்டிருக்கிறோம். கம்பளிச் சட்டையும் பத்தாம் நம்பர் பூட்ஸுமாக ஒரு முழு ஆளையே மறைத்தவளை என்ன சொல்வது?

அதோடு போகவில்லை. அம்மாவைப் பல வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் இஷ்பெல். அம்மா இறந்துவிட்டாள் என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். அதை அந்தக் கற்களிடம் மட்டும்தான் சொன்னாள், யூனா பக்கத்தில் நிற்க. ஏழாம் அத்தியாயத்தில் அது இருந்தது. அம்மாவை அப்பாவாக மாற்றி, யூனா தன் கதையாகச் சொல்லியிருந்தாள். ஊரே கண்ணீர்விடும்படி எழுதியிருந்தாள், அதையும் சொல்ல வேண்டும். தன் சொந்த ரகசியத்தை அடுத்தவளின் நல்ல நடையில் படித்து இஷ்பெல் அழுதாள். எதற்காக அழுகிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

தன் பெயர் எங்காவது இருக்கிறதா என்று விரலை வைத்துக் கடைசிவரை தேடினாள். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், நாயைப் பார்த்துக்கொண்டவருக்கும் கணினியைச் சரிசெய்தவருக்கும் நடுவில் இருந்தது: 'மலையடிவாரம் வரை என்னைக் காரில் கொண்டுவிட்ட இஷ்பெல்லுக்கு.'

அன்று மாலையே யூனாவின் வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள்.

"படிச்சிட்டியா?" என்றாள் யூனா. பரீட்சைத் தாள் திருத்தி வருமென்று காத்திருக்கும் பிள்ளையின் முகம்.

"படிச்சேன். நல்லா இருக்கு."

"அவ்வளவுதானா?"

"நான் எங்கடி அதுல?"

யூனா அடுப்பை அணைத்தாள். "கோவிச்சுக்காதே. மொதல்ல எழுதினப்ப நீ இருந்தே, சத்தியமா. எடின்பரோவுல பதிப்பகத்துக்காரி படிச்சிட்டு, ரெண்டு பேர் இருந்தா அரட்டையாயிடுது, மலை காணாம போயிடுதுன்னுட்டா. படிக்கிறவங்கதான் ரெண்டாவது ஆளா இருக்கணுமாம். அந்த எடத்துல நீ உக்காந்திருந்தா அவங்க எங்க உக்காருவாங்க?"

"ஓ. நான் எந்திரிச்சு எடம் விட்டிருக்கணும்."

"அப்படி இல்லடி..."

"பனியில என் வயித்துல காலை வச்சிக்கிட்டு கெடந்தியே. அதுவும் அரட்டையா?"

"அந்த எடம் நல்லா வந்திருக்கில்ல?" என்றாள் யூனா. கேட்டபின் தனக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள்.

"மலைக்கு ஏதுடி வயிறு?"

யூனா துணியை எடுத்து மேஜையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"எங்கம்மா விஷயத்தைக்கூட விட்டு வைக்கலையே நீ."

"அப்பான்னு மாத்திட்டேனே. அது நீதான்னு யாருக்குத் தெரியும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

யூனாவின் கண் கலங்கியது. கெட்டவள் இல்லை அவள், ஆசை பிடித்தவள். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் எழுதியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தலை நரைத்தபின் தன் பெயரை அட்டையில் பார்த்தவள். இஷ்பெல்லின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை நம்ம ஊர் மன்றத்துல கூட்டம் வச்சிருக்காங்க. எடுத்த எடுப்புல சொல்லிடறேன். நான் எந்த மலையிலயும் தனியா நின்னதில்ல, இஷ்பெல் இருந்தான்னு. ஊர் முன்னாடி சொல்றேன். போதுமா?"

போதும் என்றாள் இஷ்பெல். உண்மையாகவே போதும்தான். புத்தகத்தில் இல்லாவிட்டால் போகிறது. தன்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கும் நாற்பது ஐம்பது முகத்துக்கு முன்னால், அவள் இருந்தாள் என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அந்த வாரம் முழுக்க அவளால் மற்ற மலைப் புத்தகங்களைப் பழையபடி படிக்க முடியவில்லை. அலமாரியிலிருந்து எதை எடுத்தாலும் சந்தேகம் வந்தது. தனிமை தனிமை என்று உருகுகிறாரே, இவர் பாறையில் தொங்கிக்கொண்டு வானத்தை ரசித்தபோது கயிற்றின் மறுமுனையை யார் பிடித்திருந்தார்கள்? கூடாரத்தை யார் சுமந்தார்கள்? உச்சியில் இவரைப் படம் எடுத்தது யார், கழுகா?

சனிக்கிழமை பிற்பகல் மன்றம் நிரம்பிவிட்டது. வானொலியில் ஒரு பகுதியைப் படித்திருந்ததால் வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். டீ போடும் பொறுப்பு இஷ்பெல்லுடையது. மன்றத்தின் பின்னால் ஒரு சின்னச் சமையலறை. அதற்கும் கூடத்துக்கும் நடுவில் மரத்தடுப்பு போட்ட ஒரு ஜன்னல். அதை மேலே தள்ளிக் கோப்பைகளை எடுத்துக் கொடுப்பது வழக்கம். வெந்நீரைக் கொதிக்க வைத்துவிட்டு, அவள் கூடத்துக்கு வந்து மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வசதியாக இருக்கட்டும் என்று, ஓரமாகவே பார்த்து உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலியில் கைத்தடியோடு ஒரு வயதான அம்மாள். வில்மா என்று பெயர் சொன்னாள். கடற்கரை ஊரான ஃபிரேசர்பரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மடியில் 'செவிமலை'. புத்தகம் வந்து ஒரு வாரம்தான், அதற்குள் அதன் முதுகு உடைந்து, பக்க மூலையெல்லாம் காதுபோல் மடங்கிக் கிடந்தது.

"நிறைய மலை ஏறியிருக்கீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டாள் இஷ்பெல்.

"எங்க ஊர்ல படி ஏறுறதே பெரிசும்மா." வில்மா சிரித்தாள். பிறகு புத்தகத்தைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரர் ரொம்ப நாள் படுக்கையில இருந்தார். கடைசியில என்னை யாருன்னே தெரியல. போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரி நான் நல்லா தூங்கினேன். காலைல எந்திரிச்சு, சீ, நான் ஒரு பேய்னு நெனச்சேன். யார்கிட்ட சொல்ல முடியும்? இந்தம்மா எழுதியிருக்காங்க பாருங்க, அப்பா செத்தப்ப அப்பாடான்னு இருந்துச்சுன்னு. மலை மேல ஒத்தையில நின்னு கல்லுகிட்ட சொல்லியிருக்காங்க."

இஷ்பெல் மேடையைப் பார்த்துக்கொண்டாள். "ஒருவேளை கூட யாராவது சிநேகிதி இருந்திருந்தா?" என்றாள் மெதுவாக.

"சிநேகிதி இருந்தா அவகிட்ட சொல்லிட்டுப் போயிடலாமே. அதுல என்ன இருக்கு? இந்தம்மாவுக்கு யாரும் இல்ல. அப்புறமும் பொழச்சு எறங்கி வந்தாங்க. அதை நெனச்சுக்கிட்டுத்தான் நானும் தெனம் காலைல எந்திரிக்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. யூனா மேடைக்கு வந்தாள். புதிதாக வாங்கிய நீலச் சால்வை.

எடுத்த எடுப்பில் மன்றக் குழுவுக்கு நன்றி சொன்னாள். சரி, முறை அதுதானே என்று இஷ்பெல் நினைத்தாள். அடுத்து மழையைப் பற்றி ஒரு நகைச்சுவை. அதுவும் நம் ஊர் முறைதான். அதற்கடுத்து, "மலையில தனியா இருக்கும்போது ஒருத்தருக்கு என்ன ஆகுது?" என்று தொடங்கினாள். இஷ்பெல் கையை மடியில் கோத்துக்கொண்டாள். படித்து முடித்தபின் சொல்வாள். படித்து முடித்தாள், சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் சொல்வாள். இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கி, அவள் தன் நம்பிக்கையை வைக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தபோது, பின் வரிசையில் ஓர் உயரமான பெண் எழுந்தாள். டோனல்டினா மாரிசன். கேலிக்கை இன்னும் வீட்டில் பேசும் லூயிஸ் தீவில் பிறந்தவள், அபர்டீனில் கேலிக் மொழி கற்றுக்கொடுக்கிறவள்.

"புத்தகம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரே ஒரு சந்தேகம். அந்த மலையோட பேருக்கும் காதுக்கும் சம்பந்தம் இல்லையே. மேய்ச்சல் நிலம்னுதானே வரும்? தலைப்பே அதுல நிக்குதேன்னு கேக்கிறேன்."

கூடத்தில் சலசலப்பு. யூனாவின் கழுத்து சிவந்தது. அவள் கண் கூடத்தைச் சுற்றி வந்து மூன்றாவது வரிசை ஓரத்தில் நின்றது. இப்போது சொல்லப்போகிறாள், நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த அழகான தப்பு அது என்று சொல்லப்போகிறாள் என்று இஷ்பெல் நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"அடக் கடவுளே," என்றாள் யூனா, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு. "இது இஷ்பெல் வேலை. அதோ உக்காந்திருக்காங்க பாருங்க, நம்ம கண்ணாடிக்கடை இஷ்பெல். என்னைக் கார்ல கொண்டுபோய் விடுவாங்க. அப்படி ஒரு நாள் அவங்க சொன்னதுதான் இது. எனக்கு கேலிக் தெரியாது, நம்பிட்டேன். ஊருக்கே கண்ணு பாக்கிறவங்க, பொடி எழுத்தைச் சரியா படிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

கூடம் சிரித்தது. நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. ஊர் முன்னால் தன் பெயர் ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளே, ஒலித்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைப் போடத்தான் ஆளைத் தேடி எடுத்தார்கள். புகழுக்கு அந்த ஆள் தேவைப்படவில்லை. கறிவேப்பிலையையாவது குழம்பில் போட்டபிறகு எறிவார்கள். இவளை எறிந்துவிட்டு, வாயில் கல் தட்டுப்பட்டதும் இவளைக் கூப்பிட்டார்கள்.

இஷ்பெல் எழுந்தாள். நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன். காரில் வைத்து இல்லை, உச்சியில் வைத்துச் சொன்னேன். அது தப்பு என்றும் நான்தான் சொன்னேன், தெரிந்தேதான் எழுதினாள். அவள் அப்பா இறந்தபோது அவள் என்ன நினைத்தாளோ எனக்குத் தெரியாது. நீங்கள் அழுதது என் அம்மாவுக்காக. ஐந்து வாக்கியம். புத்தகம் சீட்டுக்கட்டாகச் சரிந்துவிடும்.

பக்கத்தில் வில்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். புத்தகத்தை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து வைத்திருந்தாள், பஸ்ஸில் கைப்பையைப் பிடித்திருப்பதுபோல.

"ஆமா," என்றாள் இஷ்பெல். "நான்தான் சொன்னேன். அகராதியில ரெண்டு வரி தள்ளிப் பாத்துட்டேன்."

"அப்ப எல்லாரும் கண்ணாடியை மாத்திக்கோங்கப்பா" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கூடம் மறுபடி சிரித்தது. டோனல்டினா சிரிக்கவில்லை. "அதனால என்னங்க, யாருக்கும் வர்ற தப்புதான்" என்று பரிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பரிவுதான் இஷ்பெல்லுக்குத் தாங்கவில்லை. அவள் டீ போட வேண்டும் என்று முனகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

எல்லோருக்கும் டீ கொடுத்து முடிந்தது. வெளியே கையெழுத்து வாங்க வரிசை நின்றது. மரத்தடுப்பைக் கீழே இறக்கிவிட்டு, அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கையைச் சுட்டது, அப்படியே வைத்திருந்தாள். அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இத்தனை வருஷமாக ஒவ்வொரு பிடிப்பிலும் அந்தப் பூட்ஸை எடுத்து வைத்த கை இது என்று நினைத்தபோது அழுகையும் வந்தது.

வரிசையை ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு யூனா வந்தாள். "நல்லா சமாளிச்சேடி. தங்கம் நீ. நான் ஆடிப்போயிட்டேன்."

இஷ்பெல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"கோவமா? எனக்கு அந்த நிமிஷம் ஒண்ணும் ஓடல. அவ்வளவு பேர் பாக்கிறாங்க. ரெண்டாம் பதிப்பு வருதாம், அதுல நன்றில உன் பேரைத் தனி வரியா போடறேன்."

"என்னன்னு போடுவே? மேய்ச்சல் நிலத்தைக் காதுன்னு சொன்ன இஷ்பெல்லுக்குன்னா?"

"சரி, திட்டு. திட்டி முடி." யூனா அவள் தோளைத் தொட்டாள். "அடுத்த சனிக்கிழமை வானம் தெளியுமாம். போகலாமா? எனக்கு அடுத்த புத்தகத்துக்கும் கேக்கிறாங்க."

"போ."

"எந்தப் பக்கம் போகலாம்?"

"நீ போன்னு சொன்னேன். தனியா போ. புத்தகத்துல அவ்வளவு நல்லா போறியே."

யூனாவின் கை தோளிலிருந்து இறங்கியது. அவள் மரத்தடுப்பு சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மிகவும் தணிந்த குரலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொன்னாள்: "நான் ஒருநாள்கூட தனியா போனதில்லையேடி. உனக்குத் தெரியாதா? நீ இல்லேன்னா எனக்கு பயமா இருக்கும்."

இத்தனை நாள் இஷ்பெல் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. ஒரு வார்த்தை கூடுதலில்லை, குறைவில்லை. இரண்டு பேர் மட்டும் நிற்கும் இடத்தில், ஜன்னல் மூடியிருக்கிறதென்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இதை அந்த ஜன்னலைத் தொறந்து சொல்லு."

யூனா மரத்தடுப்பைப் பார்த்தாள். ஒரு கையை அதன்மேல் வைத்தாள்கூட. அதற்குமேல் அந்தக் கை நகரவில்லை.

வெளியிலிருந்து யாரோ தடுப்பைக் கைத்தடியால் மெல்லத் தட்டினார்கள். "அம்மா, எழுத்தாளரம்மா இங்கதான் இருக்காங்கன்னாங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒரு கையெழுத்து கெடைக்குமா?" வில்மாவின் குரல்.

யூனா சால்வையைச் சரிசெய்தாள். முகம் தானாகவே மலர்ந்தது. தடுப்பை மேலே தள்ளி, ஜன்னல் நிறைய நின்றுகொண்டு, கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். இஷ்பெல் நின்ற குழாயடி ஜன்னலுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அங்கே நிற்பது கூடத்திலிருந்து தெரியாது.

"உள்ள யாரோடயோ பேசிக்கிட்டிருந்தீங்களோ?" என்றாள் வில்மா. "தொந்தரவு பண்ணிட்டேனோ?"

"அதெல்லாம் இல்லம்மா," என்றாள் யூனா. "நான் தனியாத்தான் இருந்தேன்."

இஷ்பெல் கையைத் துடைத்துக்கொண்டாள். கோட்டை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனாள். கதவை அடித்துச் சாத்தவில்லை. இத்தனை நேரம் உள்ளே இன்னொருத்தி இருந்தது வில்மாவுக்குத் தெரிந்துவிடக்கூடாதே என்று, சத்தமில்லாமல் மெதுவாகத்தான் சாத்தினாள்.